மாணவராய் வந்த மாமுனிவர்

நாம் நாள்தோறும் குறிப்பேட்டில் எத்தனையோ சொற்களை எழுதுகிறோம். 'தென்' என்று எழுதும்போது கொம்பில் ஒரு சுழி போடுகிறோம். 'தேன்' என்று எழுதும்போது இரண்டு சுழி போடுகிறோம். முதல் வகுப்புக் குழந்தைகூட இதை அறியும். தவறினால் ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு விடுவார். அந்த இரண்டாவது சுழி தமிழுக்கு எப்போது வந்தது, அதைக் கொண்டுவந்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அந்தச் சுழியை நமக்குத் தந்தவர் தமிழகத்தில் பிறந்தவரல்லர். ஏறத்தாழ முப்பது வயதில் இந்நாட்டுக்கு வந்து, அதன் பிறகே தமிழ் மாணவராய் அமர்ந்தவர். உலகம் அவரை வீரமாமுனிவர் என்று போற்றுகிறது. சென்னைக் கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலை வைத்துச் சிறப்பிக்கப்பட்ட பெருமக்களுள் அவரும் ஒருவர். சிலையான பெரியவரை வணங்கி நகர்ந்துவிடுவது எளிது. அவர் எப்படிக் கற்றார், எதற்காக உழைத்தார் என்று அறிவதே நமக்குப் பயன் தரும்.

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்ற சிற்றூர் உள்ளது. மாணவர்களின் பாதுகாவலரான புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்த ஊர் அது. அவ்வூரிலேயே 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி பிறந்தார். தம் ஊர்ப் புனிதரைப் போலவே அவரும் இயேசு சபையில் சேர்ந்தார். அது 1698-ஆம் ஆண்டு. 1709-இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, கோவாவை வந்தடைந்தார். அன்று விட்டுவந்த தாயகத்தை அவர் மீண்டும் காணவேயில்லை.

அவர் கேட்டு வந்த பணித்தளம் மதுரை மிஷன். பெயர் நம் ஊருடையது. எல்லையோ மிகப் பெரியது. 1606-ஆம் ஆண்டு இராபர்ட் தெ நொபிலி அடிகளார் நம் மதுரைக்கு வந்து, இந்நாட்டுத் துறவியரைப் போல் உடுத்தி உண்டு, தமிழ் உரைநடையில் நூல்கள் எழுதினார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற அவரது பணியிலிருந்தே மதுரை மிஷன் வளர்ந்தது. நாயக்கர் நாட்டின் சமவெளி எங்கும், அதன் பக்கத்துப் பாளையங்களிலும் அது பரவியிருந்தது. புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் உயிர்நீத்ததும் இந்த மிஷனின் பணியில்தான். பெஸ்கி அடிகளார் 1711-இல் இங்கு வந்தபோது, நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டுகொண்டிருந்தார்.

அவர் தொடக்க காலத்தில் பணி செய்த ஊர்களுள் காமநாயக்கன்பட்டி ஒன்று. ஆகஸ்டு 15 விண்ணேற்புத் திருவிழாவுக்கு நம் பெற்றோருள் பலர் பிள்ளைகளோடு சென்றுவரும் ஊர்தான். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமி அது. மழை பெய்தால் காலைப் பற்றி இழுக்கும். வெயில் அடித்தால் வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் விளையும் அந்நிலத்து உழவர்களிடமும், கிணற்றடியில் நீர் இறைக்கும் பெண்களிடமும் அவர் கேட்டது பேச்சுத் தமிழ். புலவர்களிடமும் ஏட்டுச் சுவடிகளிலும் அவர் கண்டது இலக்கியத் தமிழ். சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் தமிழ் கற்றதாக மரபு கூறுகிறது.

எளிதாக அமைந்த வாழ்க்கையன்று அது. வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே எதிர்ப்புக்கு ஆளாகிச் சிறைப்பட்டார். உயிர் பிழைத்ததே அரிதாயிற்று. விடுதலையானபின் அவர் இந்நாட்டை விட்டுப் போய்விடவில்லை. சுவடியும் எழுத்தாணியுமாகத் தம் படிப்பைத் தொடர்ந்தார்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஒரு மொழியைக் கற்பவர் பெரும்பாலும் அதன் ஒரு முகத்தையே காண்பார். படித்தவரோடு மட்டும் பழகினால் வீதியின் மொழி காதில் விழாது. வீதியோடு நின்றுவிட்டால் நூலின் மொழி கைக்கு எட்டாது. பெஸ்கி அடிகளார் இரண்டையும் கற்றார். அவர் பிறந்த நாட்டிலும் கோவிலிலும் கல்விக் கூடத்திலும் இலத்தீன் இருந்தது. அடுப்படியிலும் அங்காடியிலும் ஊருக்கு ஊர் வேறுபட்ட பேச்சு இருந்தது. அந்தப் பழக்கமே அவர் காதைக் கூர்மையாக்கியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

அதன் பயனாக, தமிழுக்கு அவர் இரு வேறு இலக்கணங்கள் எழுதினார். ஒன்று கொடுந்தமிழ் இலக்கணம். கொடுந்தமிழ் என்றால் கொடுமையான தமிழ் என்று பொருளன்று. இலக்கிய வழக்கினின்றும் வளைந்து, மக்கள் நாவில் வழங்கும் தமிழ். 1728-இல் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட அந்நூல், புதிதாக வரும் குருக்கள் மக்களோடு பேசக் கற்பதற்கான வழிகாட்டி. மற்றொன்று செந்தமிழ் இலக்கணம். அதுவும் இலத்தீனில் ஆனதே. செய்யுளும் நூல்களும் படிப்பதற்கு உதவுவது. ஒரே மொழி இரண்டு நிலைகளில் இயங்குகிறது, இரண்டுக்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு என்பதை இலக்கண நூலாகவே வகுத்துக் காட்டியது சிறிய செயலன்று. உழவர் பேச்சிலும் இலக்கணம் உண்டு என்று ஒப்புக்கொள்ள, கற்றவருக்குப் பெரிய மனம் வேண்டும்.

தமிழறிந்தவர்க்காகத் தமிழிலேயே அவர் செய்த இலக்கணம் 'தொன்னூல் விளக்கம்'. 1730-ஆம் ஆண்டில் எழுந்த இந்நூல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் ஒருங்கே கூறுகிறது. தம் நூலுக்குப் 'புதுநூல்' என்று பெயரிட்டுப் பெருமை கொள்ளாமல், முன்னோர் நூலுக்கு விளக்கம் என்ற பொருளில் பெயரிட்ட அடக்கத்தை நாம் போற்றலாம்.

இனி, நாம் தொடக்கத்தில் சொன்ன சுழிக்கு வருவோம். பழைய இலக்கணத்தின்படி எகரம், ஒகரம் ஆகிய குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாதது நெடில். விதி தெளிவானதுதான், ஆனால் எழுதியதோ பனையோலையில். இரும்பு எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவது வழக்கமாயிற்று. 'தென்' எது, 'தேன்' எது? 'பெறு' எது, 'பேறு' எது? 'கொடு' எது, 'கோடு' எது? ஓலையில் இரண்டும் ஒன்றுபோலவே நின்றன. மொழியறிந்தவர் இடம் நோக்கிப் படித்துக்கொள்வார். புதிதாகக் கற்பவர் திகைத்து நிற்பார்.

அப்படித் திகைத்து நின்றவர்களுள் பெஸ்கி அடிகளாரும் ஒருவராகத்தானே இருந்திருப்பார்! தாம் பட்ட தொல்லையைத் தமக்குப் பின் வருபவர் படவேண்டாம் என்று அவர் எண்ணினார். நெடிலுக்குக் கொம்பின் மேற்பகுதியைச் சுழித்து எழுதும் வழியைக் கண்டார். ஓலை கிழியவில்லை, குழப்பமும் தீர்ந்தது. பின்னர் அச்சு எழுத்துகள் பெருகியபோது அந்த வேறுபாடு நிலைத்துவிட்டது. இன்று ஒரு தமிழ்ச் செய்தித்தாளில் அந்தச் சுழி எத்தனை ஆயிரம் முறை வருகிறது என்று யாரால் எண்ண முடியும்?

அவருடைய மற்றொரு பெருந்தொண்டு 'சதுரகராதி'. 1732-ஆம் ஆண்டில் அது நிறைவுற்றது. அதற்கு முன் தமிழில் சொற்பொருள் அறிய நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலியவை செய்யுளால் ஆனவை. அவற்றை மனப்பாடம் செய்தவருக்கே பொருள் கிடைக்கும். செய்யாதவருக்குக் கதவு அடைத்தபடிதான். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் தம் நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்துக் காட்டினார் என்றாலும், அதுவும் செய்யுளே. பெஸ்கி அடிகளார் செய்யுளை விட்டுவிட்டுச் சொல்லை அகரவரிசையில் நிறுத்தி, பக்கத்தில் பொருளை எழுதினார்.

சதுர் என்றால் நான்கு. முதற்பகுதியான பெயரகராதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருகிறது. பொருளகராதி, ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருகிறது. தொகையகராதி, முத்தமிழ், நானிலம் போலத் தொகையாக வழங்குபவற்றை விரித்துரைக்கிறது. தொடையகராதி, செய்யுள் எழுதுவோருக்கு எதுகைச் சொற்களைத் திரட்டித் தருகிறது. ஆங்கிலத்தில் டாக்டர் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி வெளிவந்தது 1755-இல். நம் நாட்டில் ஓலையில் எழுதப்பட்ட சதுரகராதி அதற்கு 23 ஆண்டுகள் மூத்தது.

இவ்வளவும் தனி ஒருவரின் தொடக்கம் என்று நாம் மயங்கிவிடக் கூடாது. அவருக்கு முன்பே புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றீக்கு அடிகளார் தமிழ் இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாக உழைத்தார். புரொயன்சா அடிகளார் தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி, அவர் மறைந்த பிறகு 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. ஒருவர் வெட்டிய கிணற்றை அடுத்தவர் ஆழப்படுத்தினார். பெஸ்கி அடிகளார் காலத்தில் ஊற்று நிறைந்தது.

அவரது பிற்காலப் பணியின் நடுவிடம் ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்தின் வடகரையில் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல அன்னைக்குக் கோவில் எடுத்தார். உபதேசியார்களைப் பயிற்றுவித்தார். அவர்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை 1727-இல் எழுதினார். புனித சூசையப்பரின் வரலாற்றைப் பாடும் 'தேம்பாவணி'யை 1726-இல் நிறைவு செய்தார். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் அது. 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினார். பெண்கள் அம்மானை ஆடிப் பாடும் நடையில், கித்தேரி என்னும் இளம் மறைசாட்சியின் கதையையும் பாடினார். கோணாங்குப்பத்தில் அன்னை மரியாளைத் தமிழ்ப் பெண்ணின் சேலைக் கோலத்தில் பெரியநாயகியாக நிறுத்தியதும் அவர் நினைவோடு இணைந்த செய்தியே. முதலில் தைரியநாதர் என்று தம்மை அழைத்துக்கொண்டவரைத் தமிழ் மக்கள் வீரமாமுனிவர் என்று வழங்கினர்.

அவர் தமிழை மேல்நாட்டுக்கும் கொண்டு சென்றார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். தமிழ்-இலத்தீன் அகராதியும் தொகுத்தார். அதனைக் கற்போர் எளிய உரைநடை படித்துப் பழகுவதற்காகப் 'பரமார்த்த குரு கதை'யை எழுதினார். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த சீடர்களையும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பியவர்களையும் நாம் சிறு வயதிலேயே அறிவோம். நாம் சிரித்து மகிழும் அந்தக் கதை, மொழி கற்பவருக்கான பாடநூலாகப் பிறந்தது என்பது எவ்வளவு இனிய செய்தி!

பெரியோர் வரலாற்றில் நிறைவு மட்டுமே கூறுவது நேர்மையாகாது. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாரோடு அவர் கடுமையாக வாதிட்டார். அவர்களைக் கண்டித்து நூல்களும் எழுதினார். அக்காலச் சமயப் பூசலின் சூடு அவ்வெழுத்துகளில் உண்டு. இன்று ஒரே மேடையில் கூடிச் செபிக்கும் நமக்கு அது உறுத்தலாகவே இருக்கும். ஆனால், அடுத்து நடந்ததைக் கேளுங்கள். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடி அச்சகத்தார்தாம். எதிர்த் தரப்பார் எழுதியது என்று அவர்கள் ஒதுக்கவில்லை. கற்பவருக்குப் பயன்படும் என்று அச்சேற்றினார்கள். சமயத்தால் பிரிந்தவர்களைத் தமிழ் ஒரு நூலில் சேர்த்து வைத்தது.

1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளிச் சீமை போரால் கலங்கியது. முனிவர் தெற்கே சென்றார். இறுதியில், புரொயன்சாவின் அகராதி அச்சான அதே அம்பலக்காட்டை அடைந்து, அங்கே 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் 1742-இல் மணப்பாட்டில் மறைந்தார் என்று பழைய நூல்கள் பல எழுதின. பிற்கால ஆய்வு அதைத் திருத்திற்று. அம்பலக்காடு இன்றைய கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

தம் நூல்களுள் பெரும்பாலானவற்றை அவர் அச்சில் கண்டதில்லை. அவர் மறைந்து 26 ஆண்டுகளில், 1773-இல், இயேசு சபையே கலைக்கப்பட்டது. 1814 வரை அது மீண்டும் எழவில்லை. பாதுகாக்க வேண்டியவர்கள் இல்லாமற்போன நிலையில், அவருடைய சுவடிகள் ஊர்தோறும் வீடுதோறும் சிதறிக் கிடந்தன. கரையான் அரிக்கவும் அடுப்பில் எரியவும் எவ்வளவு நேரமாகும்?

நல்லவேளையாக, சென்னையில் அதிகாரியாயிருந்த எல்லிஸ் துரை தமிழ்ப் பற்றுடையவர். அவர் 1816-இல் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை அவர்களை அனுப்பி, முனிவரின் சுவடிகளைத் தேடித் திரட்டச் செய்தார். முத்துசாமிப் பிள்ளை ஊர் ஊராய் அலைந்து சுவடிகளோடு செவிவழிச் செய்திகளையும் திரட்டி, 1822-இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். இந்த எல்லிஸ் துரையே 1819-இல் இராமநாதபுரத்தில் திடீரென்று இறந்தார். அவர் விட்டுச் சென்ற தாள்களில் பல, நம் மதுரையில் ஒரு சமையற்காரருக்கு அடுப்பு மூட்டப் பயன்பட்டதாகக் கூறுவர். சுவடிகளைக் காத்தவருடைய தாள்களுக்கே அந்தக் கதியென்றால், முனிவரின் நூல்கள் நம்மை வந்தடைந்தது எவ்வளவு பெரிய பேறு! செந்தமிழ் இலக்கணத்தின் ஆங்கில ஆக்கமும் பரமார்த்த குரு கதையும் 1822-இல் அச்சாயின. சதுரகராதி முழுமையாக 1824-இல் சென்னையில் அச்சேறியது. எழுதி 92 ஆண்டுகளுக்குப் பின்பு!

அன்பு மாணவியரே! வீரமாமுனிவர் செய்த நூல்களை ஒருசேர வைத்துப் பாருங்கள். காப்பியத்தையும் பாடல்களையும் தவிர்த்தால், எஞ்சியவற்றில் பெரும்பாலானவை கற்பவருக்கான கருவிகளே. இலக்கணம், அகராதி, வாசிக்கக் கதை, குழப்பமில்லாத எழுத்து. தாம் மாணவராக இருந்து பட்ட தொல்லை எதுவோ, அதற்கு ஒவ்வொரு மருந்து கண்டு, அடுத்த மாணவருக்கு வைத்துச் சென்றார். மொழிக்குத் தொண்டு செய்வது என்பது மேடையேறி அதைப் புகழ்வது மட்டுமன்று. அடுத்தவர் அதைக் கற்பதற்கு வழியை எளிதாக்குவதே பெருந்தொண்டு.

நாமும் ஒன்று செய்யலாம். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் நம் வகுப்புக்கு வரும் தோழியர் ஊர்ப் பேச்சில் ஏதேனும் சொன்னால் நம்மில் சிலர் சிரித்துவிடுகிறோம். அவர்களும் கூச்சப்பட்டு அடுத்த முறை வாய் திறப்பதில்லை. இத்தாலியிலிருந்து வந்த ஒரு துறவி காது கொடுத்துக் கேட்டு இலக்கணம் வகுத்த பேச்சு அது. மதுரைப் பிள்ளைகளான நாமே அதைக் கேட்டு நகைப்பது முறையாகுமா? விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்வோம். ஏர், கலப்பை, நெல், நகை, சமையல் பற்றி அவர் சொல்லும் சொற்களில் நாம் அறியாதவற்றை ஒரு குறிப்பேட்டில் அகரவரிசையில் எழுதுவோம். பக்கத்தில் பொருளை எழுதுவோம். பாட்டியோடு மறைந்துபோக இருந்த பத்துச் சொற்கள் அந்தக் குறிப்பேட்டில் பிழைத்திருக்கும்.

அப்படி எழுதும்போது, நெடில் வருமிடத்தில் கொம்பில் இரண்டாவது சுழியைப் போட மறக்க மாட்டோம். அதைப் போடும்போது, கரிசல் மண்ணில் நடந்து, ஓலையின் முன் அமர்ந்து தமிழ் கற்ற அந்த மாணவரை நன்றியோடு நினைத்துக்கொள்வோம்.